தொட்டிகள் நின்ற சுவர்: சிக்கனமாகச் சீரமைத்த ஒரு முன்வாசல், நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கணவன், மனைவி, கணவரின் அப்பா, ஏழு வயதுப் பையன் என்று நான்கு பேர் இருக்கும் வீடு. கட்டி 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே பேசப்போவது அதன் முன்வாசலைப் பற்றி மட்டும்தான். 12 அடி நீளம், 6 அடி அகலம், மேலே கான்கிரீட் கூரை, தெருப்பக்கம் இடுப்பளவு இரும்புக் கிரில், நடுவில் மூன்று படி, சிமெண்ட் தரை. வீட்டுச் சுவரின் நடுவில் கதவு, அதற்கு வலப்பக்கம் ஒரு ஜன்னல். இடது கோடியில் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்.

நான் சில வருடம் கட்டட வேலையில் மேற்பார்வை பார்த்தவன். இப்போது தெரிந்தவர்கள் கேட்டால் யோசனை சொல்வேன், லீவு நாளில் போய்க் கூட நிற்பேன், அவ்வளவுதான். இந்த வீட்டுக்காரரும் அப்படித் தெரிந்தவர்தான். ஆறு வருடத்தில் மூன்று முறை அந்த முன்வாசலுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று, மூன்று முறையும் ஒரு மழைக்காலம்கூட முழுசாகத் தாங்கவில்லை, இந்தத் தடவை கொஞ்சம் அலங்காரமாகவும் செய்துவிட வேண்டும் என்று கூப்பிட்டார்.

கையில் ஒரு தொகை வைத்திருந்தார்கள். எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஊருக்கு ஊர் கூலியும் விலையும் மாறும். அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஏற்கெனவே ஒரு தாளில் பிரித்து எழுதியிருந்தார்கள்: பெயிண்டுக்கு 40, புதுத் தொட்டிகளும் செடிகளும் 25, பிரம்பு நாற்காலி இரண்டு 25, அலங்கார விளக்கு 10. இதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்பதில் வீட்டம்மா கறாராக இருந்தார். அது நல்லதாகப் போயிற்று, பின்னால் சொல்கிறேன்.

## முதல் நாள் கண்டது

முதலில் கண்ணில் பட்டது அழுக்கோ உரிந்த பெயிண்டோ இல்லை, சாமான்கள்தான். ஓடாத ஒரு சைக்கிள், கட்டி வைத்த பழைய பேப்பர், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கதவோரம் குவிந்த செருப்புகள் (எண்ணிப் பார்த்தோம், 14 ஜோடி, வீட்டில் இருப்பதோ நாலு பேர்). இவற்றுக்கு நடுவே சுவரையொட்டி வரிசையாக 11 தொட்டிகள். கதவுக்கு இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் நாலு. பெரியவர் ஆசையாக வளர்ப்பவை.

சுவரின் கீழ் இரண்டடிக்குப் பளபளப்பான எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) அடித்திருந்தது. பையன் கை வைத்து அழுக்காக்கினால் துடைத்துக்கொள்ளலாம் என்று போன முறை பெயிண்டர் சொன்ன யோசனையாம். அந்த எனாமல் அங்கங்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் நெம்பினேன், தோல் மாதிரி உரிந்து வந்தது, பின்னால் மாவு போல வெள்ளைத் தூள். அதைவிடக் கவனிக்க வேண்டியது, எனாமல் முடியும் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் நீளவாக்கில் பழுப்பாக நனைந்திருந்தது. கீழே வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறி, எனாமல் இல்லாத இடமாகப் பார்த்து வெளியே வந்திருக்கிறது.

தொட்டிகளை நகர்த்தச் சொன்னேன். பெரியவருக்கு மனசே இல்லை. ஒவ்வொன்றாக நகர்த்தினோம், ஏழாவது தொட்டி நகர்ந்ததும் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தொட்டி நின்ற இடத்துக்கும் நேர் பின்னால், அதே அகலத்துக்கு, மேலே வளைவாக ஒரு வெள்ளைக் கறை. சின்னச் சின்ன வாசல்களை வரிசையாக வரைந்து வைத்தது போல இருந்தது. இரண்டு தொட்டிகளுக்கு நடுவே இருந்த சுவர் பரவாயில்லை.

தொட்டிகளுக்குக் கீழே தட்டு எதுவும் இல்லை. பெரியவர் தினமும் காலையில் ஓஸ் பைப்பைப் பிடித்து 11 தொட்டிக்கும் வழிய வழிய ஊற்றுவார், அடியில் ஒழுகும் தண்ணீர் தரையில் நிற்கும். சரி, தரையில் விழுந்தால் படிப்பக்கம் ஓடிவிட வேண்டுமே என்று நடுவில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஓடியது, ஆனால் படிக்கு இல்லை, சுவருக்கு. பத்து வருடத்துக்கு முன்னால் பழைய தரைக்கு மேலேயே இன்னொரு பூச்சுப் போட்டார்களாம், அப்போது வாட்டம் மாறியிருக்கிறது. வெளித்தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைப்பது வழக்கம், ஆறடிக்கு ஒன்றரை அங்குலம் வெளிப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் நடுவிலிருந்து சுவர்ப்பக்கம் கால் அங்குலம் இறங்கியிருந்தது.

மழைநீர்க் குழாயின் வாய் தரைக்கு ஒரு முழம் மேலேயே முடிந்துவிட்டிருந்தது. மழை பெய்தால் மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும் அந்த மூலைச் சுவரின் காலில் விழும். அந்த மூலையில் பூச்சே இல்லை, செங்கல் தெரிந்தது.

இவை தவிர இரண்டு விஷயம். கிரிலில் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறி, கீழ்ப்பட்டை முழுக்கத் துரு. அப்புறம், பெரியவர் இரண்டு மாதம் முன்பு சாயங்காலம் கடைசிப் படியில் கால் தவறி உட்கார்ந்துவிட்டாராம். இதை யாரும் முதலில் சொல்லவில்லை, படியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் சொன்னான். மூன்று படியும் தரையும் ஒரே சாம்பல் நிறம், கூரை நடுவில் ஒரு டியூப் லைட், படியில் நிற்பவரின் நிழல் படியிலேயே விழுகிறது. தடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

## பிளாஸ்டிக் தாள் சோதனை

கண்ணால் பார்த்ததிலேயே பாதி தெரிந்துவிட்டாலும், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, வெளிக்காற்றிலிருந்து படிகிறதா என்று உறுதிசெய்யாமல் கொத்தனாரைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரு அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளிப்பக்கம் கோத்திருந்தால் காற்றிலிருந்து.

மூன்று இடத்தில் ஒட்டினோம். தொட்டி வரிசைக்குப் பின்னால் ஒன்று, அதே இடத்தில் ஐந்தடி உயரத்தில் ஒன்று, குழாய் மூலையில் ஒன்று. வெள்ளைத் தூளின் மேல் டேப் ஒட்டவே இல்லை, ஓரங்களில் மட்டும் கரணையால் சுரண்டி, துணியால் துடைத்து மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கீழ்த் தாளின் உட்பக்கம் வியர்த்த மாதிரி துளிகள், குழாய் மூலையில் துளிகள் சேர்ந்து வழிந்திருந்தது, ஐந்தடி உயரத்தில் இருந்தது காய்ந்த தாளாகவே இருந்தது. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எதுவும் போகவில்லை என்றும் கேட்டு உறுதிசெய்துகொண்டோம். ஆக, சுவரின் கால் நனைகிறது, மேலே கூரையிலிருந்து எதுவும் இறங்கவில்லை.

நடப்பது இதுதான். கீழே நிற்கும் தண்ணீரைச் செங்கலும் பூச்சும் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுக்கின்றன. வரும் வழியில் மண்ணிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பு அதில் கரைகிறது. மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் அங்கேயே படிகமாகத் தங்கி, பெயிண்டுக்குப் பின்னால் வளர்ந்து அதைத் தள்ளிவிடும். எவ்வளவு நல்ல பெயிண்டாக இருந்தாலும் பின்னாலிருந்து தள்ளினால் என்ன செய்யும். மூன்று முறையும் பெயிண்ட் மேல்தான் பழி போட்டிருந்தார்கள்.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்று சாயங்காலம் அந்தப் பிரம்பு நாற்காலிப் பட்டியலை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். கொஞ்சம் சங்கடமான பேச்சு. பெரியவர் என்னிடம், "தம்பி, செடிக்குத் தண்ணி ஊத்துனது தப்புங்கிறீங்களா?" என்று கேட்டார். தண்ணீர் தப்பில்லை, அது போக வழியில்லாததுதான் தப்பு என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மருமகள்தான் சமாளித்தார்: "மாமா, செடியெல்லாம் இருக்கும், இடம் மட்டும் மாத்தி வைக்கலாம்."

முதல் முடிவு, தரையை உடைப்பதில்லை. சரியாகச் செய்வதென்றால் தரையை உடைத்து வாட்டம் மாற்றிப் போட வேண்டும், ஆனால் அது ஒன்றே கையிலிருந்த 100-ஐயும் விழுங்கிவிடும். அதனால் தண்ணீர் சுவருக்கு வராமல் பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். மழைநீர்க் குழாயை எல்போ (வளைவான இணைப்பு) போட்டுத் திருப்பி முன்வாசலுக்கு வெளியே நீட்டுவது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மூன்று அங்குலத்துக்குச் சாய்வாகச் சிமெண்ட் பட்டை போடுவது. தொட்டிகளைச் சுவரிலிருந்து விலக்குவது. ஓஸ் பைப் கிடையாது, இனி பூவாளிதான். இது முழுத் தீர்வு இல்லை, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த அரைத் தீர்வு. அதை அவர்களிடம் அப்படியே சொன்னேன்.

இரண்டாவது, எனாமலை முழுக்க எடுத்துவிட்டு, ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுப்பது. உப்பு ஏறிய பூச்சின் மேல் எதை அடித்தாலும் வீண். மறுபடி பூசிய பிறகு எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) மட்டும். அது ஓரளவு மூச்சு விடும், உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற இடம் கொடுக்கும்.

மூன்றாவது, நாற்காலி வாங்குவதில்லை. வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய மரப்பெட்டி கிடந்தது, கனமானது, மூடி நன்றாக இருந்தது. அதைத் தேய்த்து உட்காரும் பெஞ்சாக்கி, முன்பக்கப் பலகையைக் கழற்றி உள்ளே செருப்பு வைப்பது என்று கணவர் யோசனை சொன்னார். இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த யோசனை இதுதான், என்னுடையது இல்லை.

நான்காவது விளக்கு. டியூப் லைட்டை எடுத்துவிட்டுக் கதவின் பூட்டுப் பக்கமாக, ஆறடி உயரத்தில் ஒரு சுவர் விளக்கு. ஆயிரம் வகை அலங்கார விளக்குகளைப் போனில் காட்டினார்கள். நான் இரண்டே விஷயம் பார்க்கச் சொன்னேன். பெட்டியில் ஐ.பி. (தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தரம்) 44 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும், இரண்டாவது எண் 4 என்றால் எந்தப் பக்கமிருந்து சாரல் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். பல்பு 3,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) அளவில் மஞ்சள் ஒளி. டியூப் லைட்டின் நீலம் கலந்த வெள்ளை ஒளிக்கு வரும் பூச்சிக்கூட்டம் இதற்கு அவ்வளவாக வராது. 9 வாட் எல்.இ.டி. போதும், கிட்டத்தட்ட 800 லூமன் கிடைக்கும், பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம்.

நிறம் பற்றி மட்டும் மூன்று நாள் சண்டை. கணவருக்குச் சுவர் அடர் சாம்பலாக வேண்டும், மனைவிக்கு வெளிர் நிறம். இரண்டு பெரிய அட்டைகளில் அடித்துச் சுவரில் சாய்த்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பார்க்கச் சொன்னேன். கூரை போட்ட இடம், உள்ளே வெளிச்சம் குறைவு, அடர் சாம்பல் சாயங்காலம் குகை மாதிரி ஆகிவிட்டது, அவரே விட்டுக்கொடுத்துவிட்டார். சுவருக்கும் கூரைக்கும் ஒரே வெளிர் தந்த நிறம், கதவுக்கு மட்டும் அடர் பச்சை. ஒரே நிறம் என்பதில் சிக்கனமும் இருக்கிறது. கதவு, ஜன்னல் போகச் சுவர்கள் 125 சதுர அடி, கூரை 72, மொத்தம் 197. வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 55 சதுர அடி வரும். கணக்குப் போட்டால் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு 4 லிட்டர் டப்பா. பெயிண்டர் 10 லிட்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

## வேலை நடந்த விதம்

முதல் வாரம் சாமான் அகற்றலும் சுத்தமும். சைக்கிளும் பேப்பரும் பழைய சாமான் வாங்குபவரிடம் போயின. வெள்ளை உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கணவர் பக்கெட்டோடு வந்துவிட்டார், தடுத்து நிறுத்தினேன். தண்ணீர் பட்டால் உப்பு மறுபடி கரைந்து சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்ததை வாரி வெளியே போட வேண்டும். ஆசிட் பாட்டிலும் தயாராக வைத்திருந்தார்கள், அதையும் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன், சிமெண்ட் தரையை அரித்துவிடும்.

இரண்டாம் வாரம் கொத்தனார். கொத்திய பிறகு ஒரு வாரம் காயவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் என்று நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசினார். மூலைப் பட்டையையும் அவரே போட்டார். குழாய் வேலை அரை நாள்தான்.

பூச்சு ஆறிக்கொண்டிருந்தபோது கிரிலைப் பிடித்தோம். வீட்டின் வயசைப் பார்த்தால் அடியில் இருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் அது சகஜம், சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் தூசி உடம்புக்குள் போவது ரொம்பக் கெடுதல். அதனால் பையனை இரண்டு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கீழே தார்ப்பாய் விரித்து, நல்ல முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரமாகவே சுரண்டினோம். மெஷின் வைத்தால் அரை மணியில் முடியும், ஆனால் தூசி தெரு முழுக்கப் பறக்கும். சுரண்டியதை வாரிப் பையில் கட்டி, தரையை ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தோம். துருப் பிடித்த கீழ்ப்பட்டைக்குக் கம்பி பிரஷ், அப்புறம் ரெட் ஆக்சைடு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), மேலே இரண்டு கோட் எனாமல். இரும்புக்கு எனாமல் சரி, ஈரச் சுவருக்குத்தான் ஆகாது.

கதவைக் கணவரும் மனைவியும் தாங்களே செய்தார்கள். 80, 120, 180 என்று (எண் கூடக் கூட நைசாக இருக்கும்) உப்புத்தாளை மாற்றி மாற்றி, மர ரேகை போகும் திசையிலேயே தேய்த்தார்கள். பிடியையும் தாழ்ப்பாளையும் கழற்றாமல் டேப் ஒட்டி மறைத்தே அடித்துவிட்டார்கள், ஓரங்களில் பச்சைப் பிசிறு இன்னும் தெரிகிறது. நான் போய்ப் பார்ப்பதற்குள் முடித்துவிட்டார்கள், விட்டுவிட்டேன்.

விளக்குக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். வெளிப்பக்க ஒயரிங்கில் கை வைக்கும் சிக்கனம் எனக்கு உடன்பாடில்லை.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது, அதில் என் பங்கும் உண்டு. புதுப் பூச்சு பெயிண்டுக்குத் தயாராக 28 நாள் விடுவது நல்லது. உறவினர்கள் வருகிறார்கள், அதற்குள் முடித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். பகலில் நல்ல வெயில், கை வைத்தால் சுவர் காய்ந்த மாதிரிதான் இருந்தது. 16-ஆம் நாள் பிரைமர் அடிக்கச் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒட்டவில்லை.

படி விளிம்புகளுக்கு இரண்டு அங்குலப் பட்டையாக வெளிர் மஞ்சள் அடித்தோம், பெரியவருக்காக. அதிலும் அவசரம்.

கடைசியாகத் தொட்டிகள். 11-இல் நாலு செடி வேர் சுற்றி நெருக்கிப் போய், வருடக்கணக்கில் புது இலை விடாமல் நின்றுகொண்டிருந்தது. அவற்றைப் பிரித்துப் புது மண் போட்டு, வெயில் வேண்டியவற்றைப் படிக்கு வெளியே மண் தரைக்கு அனுப்பினோம். முன்வாசலில் நின்றது ஐந்தே தொட்டி: கதவுக்கு இடப்பக்கம் உயரம், நடுத்தரம், குட்டை என்று மூன்றைக் கூட்டமாக, கிரிலோரம் இரண்டு. எல்லாம் நிழலிலேயே பிழைக்கும் ரகம், ஸ்னேக் பிளாண்ட், மணி பிளாண்ட் மாதிரி. ஒவ்வொன்றும் காலுள்ள ஸ்டாண்டில், அடியில் தட்டோடு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. எந்தச் செடி உள்ளே, எது வெளியே என்று பெரியவரே தீர்மானித்தார். அதில் யாரும் வாய் திறக்கவில்லை.

## செலவுக் கணக்கு

100-இல் செலவானது இப்படி. குழாய் 3, கொத்தனாரும் பூச்சும் 24, சுவர்ப் பெயிண்டும் கூலியும் 26, கிரில் 9, கதவு 4, விளக்கும் எலக்ட்ரீஷியன் கூலியும் 11, தொட்டி ஸ்டாண்டும் மண்ணும் 5, மிதியடி 2, படிப் பட்டை 3. ஆக 87. மரப்பெட்டிக்குச் செலவில்லை, கதவுக்கு வாங்கிய பெயிண்டின் மிச்சமே போதுமாக இருந்தது. வீட்டம்மா கறாராக இருந்தது நல்லது என்று சொன்னது இதற்குத்தான். பணம் தாராளமாக இருந்திருந்தால் நாற்காலியும் வந்திருக்கும், தொட்டிகள் 20 ஆகியிருக்கும், சுவரின் கால் அதே மாதிரி நனைந்துகொண்டிருக்கும்.

## பிறகு நடந்தது

உறவினர்கள் வந்தபோது முன்வாசல் பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் கவனித்தது பச்சைக் கதவையும் விளக்கையும்தான். யாருக்கும் குழாய் எல்போ கண்ணில் படவில்லை, படாதுதான்.

மூன்றாவது வாரம் படியின் மஞ்சள் பட்டை உரிந்தது, முதலில் நடு ஓரத்தில், கால் அதிகம் படும் இடத்தில். படியைக் கழுவிய சோப்பு சரியாகப் போகவில்லை, வழுவழுப்பான சிமெண்ட் மேல் அப்படியே அடித்துவிட்டோம், அதற்குப் பிடிப்பே இல்லை. மறுபடி முரட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு நாள் காயவிட்டு, தரைக்கென்று விற்கும் பெயிண்டில் கொஞ்சம் சலித்த மணல் தூவி அடித்தோம். அதற்கு இன்னொரு 6 ஆயிற்று. இது நிற்கிறது, ஈரத்திலும் வழுக்குவதில்லை. பெரியவர் அதற்குப் பிறகு இடறவில்லை, மிதியடியைத்தான் பையன் இழுத்து இழுத்துப் படிக்குக் கொண்டுவந்துவிடுகிறான், அதன் அடியில் ரப்பர் ஷீட் ஒன்று வெட்டிப் போட வேண்டியிருந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தது. தொட்டி வரிசை நின்ற சுவர் முழுக்க அப்படியே இருந்தது, வெள்ளை இல்லை, கொப்புளம் இல்லை. ஆறு வருடத்தில் முதல் முறை. ஆனால் குழாய் மூலையில் இரண்டு இடத்தில், உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் உப்பியது. குழாயில் ஒழுகல் இல்லை, தண்ணீர் விட்டுப் பார்த்தோம். இருந்ததிலேயே அதிகமாக நனைந்த மூலை அது, 16 நாளில் உள்ளே காய்ந்திருக்காது. அதோடு சாரல் அடித்தால் தரைத் தண்ணீர் இன்னும் அந்தப் பக்கம்தான் போகிறது, மூலைப் பட்டை அதைத் தள்ளினாலும் ஒரு அரை மணி நேரம் அங்கே நிற்கிறது. அரைத் தீர்வின் மறுபாதி அங்கே தெரிகிறது.

பூவாளி விஷயம் முதல் இரண்டு வாரம் தகராறுதான். பெரியவருக்கு ஓஸ் பைப்பில் ஊற்றினால்தான் திருப்தி. பிறகு விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது என்று பையன் எங்கோ படித்துவிட்டு வந்து தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தான். இப்போது இருவரும் தினமும் காலையில் ஐந்து தொட்டியிலும் விரலை விட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் ஊற்ற வேண்டியிருப்பதில்லை.

## மறுபடி செய்வதானால்

28 நாளை விட்டுக்கொடுக்க மாட்டேன். உறவினர் வருகிறார்கள் என்றால் கீழ்ச்சுவரைப் பூச்சோடு விட்டு, மேல் பாதிக்கும் கூரைக்கும் மட்டும் அடித்திருக்கலாம், வந்தவர்கள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். பிரைமருக்கு முன்னால் பாலித்தீன் சோதனையை இரண்டாம் முறையும் செய்வேன், அதற்கு ஆவது ஒரு தாளும் கொஞ்சம் டேப்பும். படி விளிம்பை வேலையின் கடைசியில் வைக்காமல் முதல் வாரத்திலேயே எடுத்திருப்பேன். ஒருவர் ஏற்கெனவே விழுந்த இடம் அது, சுவரின் அழகைவிட முந்தியது.

தரையை உடைக்காதது பற்றி இன்னும் எனக்கு இரண்டு மனசு. மொத்தத் தரையையும் உடைக்காமல், குழாய் மூலையிலிருந்து கிரில் வரை ஒரு கையகலத்துக்கு ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி விட்டிருந்தால் பத்துப் பதினைந்துக்குள் முடிந்திருக்கும் என்று கொத்தனார் இப்போது சொல்கிறார். அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாட்டம் என்றதும் என் புத்தி நேராக உடைப்பதற்குத்தான் போயிற்று.

மிச்சம் 7 இருக்கிறது. உப்பிய இரண்டு இடத்தையும் சுரண்டிப் பிரஷ் போட்டு, பெயிண்ட் அடிக்காமல் திறந்தே விட்டிருக்கிறோம். மேலே ஒரு அடிச் சதுரத்துக்குத் தாள் ஒட்டியிருக்கிறது. நேற்று போன் செய்தபோது உட்பக்கம் ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் பனி மாதிரி இருக்கிறது என்று வீட்டம்மா சொன்னார். இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு வாய்க்காலா பெயிண்டா என்று முடிவு செய்யலாம் என்றேன்.